பந்தயத் தடமும் திரும்பும் வழியும்

இம்மலரின் பக்கங்களில் ஆண்டுதோறும் உமறுப்புலவரைப் பற்றியும் குணங்குடியாரைப் பற்றியும் எழுதி வந்த நாம், இம்முறை மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பைத் தரலாம். தமிழ்த்துறையினர்க்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று மூத்தோர் வினவவும் கூடும். வினா முறையானதே. ஆயினும் நம் கல்லூரி வளாகத்து வேப்ப மரங்களின் நிழலில், ஒரு காலத்தில் மிதிவண்டிகள் நின்ற இடமெல்லாம் இன்று மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. அவற்றின்மீது நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் எங்கே அமர்ந்திருக்கிறார்களோ அங்கே ஆசிரியர்க்கும் வேலை உண்டு என்னும் துணிவினாலேயே இதனை எழுதுகிறோம்.

அண்மைக் காலமாக மாணவரிடையே ‘டிராக் டே’ என்றொரு சொல் வழங்கக் கேட்கிறோம். பந்தயத்திற்கென அமைக்கப்பெற்ற தடத்தில், பந்தயமின்றி, கட்டணம் செலுத்தித் தத்தம் வண்டியைக் கொண்டுசென்று ஒரு நாள் முழுதும் ஓட்டிப் பழகுவதற்கு அப்பெயராம். இதனைத் ‘தட நாள்’ என்று குறிக்கலாம் என்பது நம் எண்ணம். சொல் பிடிக்காதவர்கள் வேறு நல்ல சொல் தேடித் தருக, மகிழ்ந்து ஏற்போம். நம் மாணவர்கள் இதற்காகச் செல்லும் இடம் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை. நம் ஊர்களின் வழியே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியே அத்தடம் உள்ளது. வேலூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர்; ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து இன்னும் மிகுதி.

நம்மவருள் அறுபது கடந்தோர்க்குச் சோழவரம் நினைவிருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமொன்று போர் முடிந்தபின் பயனற்றுக் கிடக்க, 1953 இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அங்கே பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தினர். பேருந்தேறிச் சென்று வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்த கதையை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. இளைஞரின் வேக விருப்பத்தைக் கடிந்துரைக்கும் அதே பெரியவர்கள்தாம் அவர்கள் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பின்னர், 1990 இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் பயன்பாட்டிற்கு வந்தது. அதன் நீளம் 3.7 கிலோமீட்டர். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் பந்தய வீரர் கரிவரதன் பெயரால் 2.1 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு தடம் உண்டு. ஆக, நாட்டிலேயே பந்தயத் தடங்கள் பெயர் பெற்று விளங்கும் மாநிலங்களுள் நம் மாநிலம் முன்னிற்பது. எனவே மாணவர் நெஞ்சில் இவ்விருப்பம் எழுந்தது புதுமையன்று.

இவ்விருப்பத்தைப் பற்றி நம்மிடையே இரண்டே கருத்துகள் நிலவுகின்றன. தடத்திற்குச் செல்வதே கூடாது என்பது பெற்றோர் கருத்து. சென்றால் என்ன என்பது பிள்ளைகள் கருத்து. எப்படிச் செல்வது, எப்படித் திரும்புவது என்பதை இரு சாராரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் எழுத முற்பட்டது அதைப் பற்றியே. தடத்திற்குச் செல்வதை நாம் தடுக்கவில்லை. தடத்தில் ஓட்டப் போகும் வண்டியை ஓட்டிக்கொண்டே செல்வதையும், மாலையில் அதன்மீதே அமர்ந்து வீடு திரும்புவதையுமே கூடாது என்கிறோம். வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றிக் கட்டிக் கொண்டுசெல்ல வேண்டும். அவ்வாறே கொண்டுவர வேண்டும்.

முதலில், ஏன் தடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுவோம். 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்பது நடுவணரசின் கணக்கு. அவர்களுள் இருசக்கர வண்டியில் சென்றோர் மட்டும் 74,897 பேர். தமிழ்நாட்டில் அவ்வாண்டு மாண்டோர் 17,884 பேர்; விபத்துகளின் எண்ணிக்கையிலோ 64,105 என்று நம் மாநிலமே முதலிடம் பெற்றது. இம்முதலிடத்தைக் கொண்டாடுவார் யாருமிலர். அதிவேகமே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் என்றும் அக்கணக்கு கூறுகிறது. வேகத்தின்மீது இளைஞர்க்குள்ள வேட்கையை அறிவுரையால் மட்டும் அணைத்துவிட முடியும் என்று நம்பிய காலம் நமக்கும் இருந்தது. முப்பதாண்டு வகுப்பறை அந்நம்பிக்கையைத் தேய்த்துவிட்டது. அவ்வேட்கைக்கு ஓரிடம் வேண்டுமெனில், அவ்விடம் நம் நெடுஞ்சாலையாக இருத்தலைவிடத் தடமாக இருத்தல் நன்று.

தடத்தில் எதிரே வண்டி வராது. குறுக்கே மாடு வராது. பள்ளிப் பிள்ளையும் வராது. அனைவரும் ஒரு திசையிலேயே செல்வர். வண்டியும் உடையும் பரிசோதிக்கப்பட்ட பின்னரே உள்ளே விடுவர். அனுபவத்திற்கேற்பக் குழுக்களாகப் பிரித்துச் சில நிமிடங்களே ஓட்ட விட்டு, இடையிடையே ஓய்வும் தருவர். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே இடர் என்றும், சிவப்புக் கொடி அசைந்தால் ஓட்டம் நிறுத்தப்பட்டது என்றும் பொருள். விழுந்தவனைத் தூக்க ஆளும், ஏற்றிச் செல்ல ஊர்தியும் காத்து நிற்கும். உடல் முழுதும் தோலுடை அணிய வேண்டும். தோலின் அருமையை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பிறந்தோர்க்கு நாம் எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். இத்துணை இருந்தும் தடம் சாவற்ற இடமாகிவிடவில்லை. 2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயமொன்றில் விழுந்த 13 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அதை மறைத்து இக்கட்டுரையை எழுத நமக்கு உரிமையில்லை. அது பந்தயம், நாம் பேசுவது பயிற்சி என்று வேறுபடுத்திச் சொல்லலாம். ஆனால் பெற்றவர் செவியில் அவ்வேறுபாடு ஏறாது என்பதும் அறிவோம். இடர் உண்டு, எனினும் அது காவல் உள்ள இடர். நாம் அஞ்சுவது காவலற்ற இடரை.

அக்காவலற்ற இடர் எத்தகையது என்பதை நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர் வாயிலாகவே நாம் அறிந்தோம். பெயர் வேண்டா, அவர் விரும்பமாட்டார். தட நாளுக்குப் பணம் செலுத்திய அவர், வீட்டில் தோழன் வீட்டுத் திருமணம் என்று சொல்லிவிட்டு, ஃபஜ்ருக்கு வெகுநேரம் முன்பே வண்டியைத் தெருமுனைவரை ஓசையின்றித் தள்ளிச் சென்று, அங்கே இயக்கிப் புறப்பட்டார். முதல் நாளிரவு உறக்கமும் இல்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் தனியே ஓட்டித் தடத்தை அடைந்து, மாலைவரை ஓட்டினார். தடத்தில் ஒருமுறையும் விழவில்லை. அன்றைய பயிற்சியாளர் அவரைப் பாராட்டியதாகவும் சொன்னார். அந்தி மங்கிய நேரத்தில் அதே வண்டியில் வீடு நோக்கிப் புறப்பட்டார். வாலாஜாப்பேட்டையைத் தாண்டியபின், முன்னே சென்ற பேருந்து வேகம் குறைத்ததைக் கண்டு பிரேக் பிடித்தார். பின்னால் வந்த சரக்கு வண்டி இவர்மீது மோதியது. இடத் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. இறைவன் அருளால் உயிர் பிழைத்தார். ஓராண்டுப் படிப்பு போயிற்று.

மருத்துவமனையில் அவரைக் காணச் சென்றபோது அவருடைய அத்தா நம் கையைப் பற்றிக்கொண்டு, ரேஸுக்குப் போனதால் வந்த வினை என்று கலங்கினார். அந்நேரத்தில் மறுத்துரைக்க மனம் வரவில்லை. ஆயினும் அன்றிலிருந்து இன்றுவரை நம் மனம் அதை மறுத்துக்கொண்டே இருக்கிறது. தடத்திற்குப் போனதால் வந்த வினையன்று அது. அதில் திரும்பி வந்ததால் வந்த வினை.

பின்னொரு நாள் அம்மாணவரே சொன்ன ஒரு செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்தது. தடத்தில் இறங்குமுன் பின்புறம் காட்டும் கண்ணாடிகளைக் கழற்றிவிடுவர். கண்ணாடி உடைந்து தடத்தில் சிதறாதிருக்க முகப்பு விளக்கிலும் பின்விளக்கிலும் ஒட்டுநாடா ஒட்டுவர். பின்னால் வருபவர் கண்ணை உறுத்தாதிருக்கவும் அது உதவும். மாலையில் முகப்பு விளக்கின் நாடாவை உரித்தவர், களைப்பில் பின்விளக்கின் நாடாவை மறந்துவிட்டார். கண்ணாடிகளைப் பையிலேயே வைத்துவிட்டார். அவர் பிரேக் பிடித்ததைப் பின்னால் வந்தவர் அறிய வழியில்லை. பின்னால் ஒருவர் வருவதை அவர் அறியவும் வழியில்லை. இரண்டு விரற்கடை நாடா. சரக்கு வண்டி ஓட்டுநரை நாம் எவ்வாறு நோவது?

நாடா மட்டுமா? காற்றழுத்தத்தையும் எண்ணுக. தடத்தில் டயர் கடுமையாகச் சூடேறும். சூடேறினால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் உயரும். ஆதலால் ஓடத் தொடங்குமுன் சில பவுண்டு காற்றைக் குறைத்துவிடுவர். மாலையில் டயர் குளிர்ந்ததும், சாலைக்கு வேண்டிய அளவைவிடக் குறைந்த காற்றே அதில் இருக்கும். மீண்டும் நிரப்பாமல் புறப்படுவோரே பலர். பிரேக் கட்டைகள் ஒரே நாளில் சில மாதத் தேய்மானத்தைப் பெற்றிருக்கும். ஒருமுறை விழுந்து எழுந்த வண்டியாயின் கைப்பிடி வளைந்திருக்கலாம், நெம்புகோல் ஒடிந்திருக்கலாம். அந்நிலையில் அதை ஓட்டி வீடு சேர்வது எங்ஙனம்? ஓட்டிச் சென்றவனுக்கோ வேறு வழியில்லை. எப்படியாவது ஓட்டி வந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் அவன் செய்யும் துணிச்சல் தடத்தில் செய்த துணிச்சலைவிடக் கொடிது.

வண்டியைவிட மிகுதியாகத் தேய்ந்திருப்பவன் ஓட்டியவனே. தோலுடைக்குள் பகலெல்லாம் வியர்த்து உடலின் நீர் வற்றியிருக்கும். முன்கை இறுகி விரல் மடங்க மறுக்கும். எல்லாவற்றினும் நுட்பமான இடர் கண்ணில் உள்ளது. நெடுநேரம் மிகு வேகத்தில் சென்ற ஒருவனுக்கு, அதன்பின் வேகத்தைக் குறைக்கும்போது, தான் உண்மையில் செல்லும் வேகத்தினும் மெதுவாகச் செல்வதாகவே தோன்றும். நான்குவழி நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என 2018 இல் நடுவணரசு வரையறுத்தது. பகலெல்லாம் 130, 140 என்று பறந்தவனுக்கு அந்த 80 நிற்பது போலிருக்கும்! தடத்தின் பழக்கம் உடம்பில் ஊறியிருக்க, எதிரே வண்டி வராது, குறுக்கே எவரும் வாரார் என்னும் உணர்வும் உடன் ஒட்டிக்கொண்டு வரும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து மேற்கே திரும்பும் அச்சாலையோ தொழிற்சாலைகளின் சாலை. மாலை வேளையில் பணியாளர் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் நிரம்பி வழியும். சாலைப் பிரிப்பின் இடைவெளியில் நடந்து கடப்போரும், எதிர்த்திசையில் விளக்கின்றி வரும் வண்டிகளும் அங்கே அன்றாடக் காட்சி.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். அத்தடத்திற்கு அணித்தே ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் உள்ளன. அங்கே பிறக்கும் புத்தம் புதிய வண்டிகளை எவரும் ஓட்டிக்கொண்டு கடைகளுக்குச் செல்வதில்லை. லாரியில் வரிசையாக நிறுத்தி, அசையாமல் பிணித்தே அனுப்புகின்றனர். செய்தவனே ஏற்றி அனுப்பும் பொருளை, வாங்கியவன் ஏற்றிச் செல்ல நாணுவானேன்? நாணம் என்றது மிகையன்று. “குட்டி யானையில் ஏற்றிப் போனால் ஓட்டத் தெரியாதவன் என்பார்கள், ஐயா” என்று ஒரு மாணவர் நம்மிடமே சொன்னார். பந்தய வீரர் எவரும் தம் பந்தய வண்டியைச் சாலையில் ஓட்டி வருவதில்லை என்று அவர்க்கு விடை சொன்னோம்.

தமிழ் படித்தோர்க்கு மேலும் ஒரு சான்று உண்டு. உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமுமான வழியில் வண்டி செலுத்துகையில், அச்சு முறிந்தால் மாற்றுவதற்கெனச் சேமவச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டி எடுத்துச் சென்ற செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். வகுப்பில் உவமை நயம் கூறி அப்பாடலைக் கடந்துவிடுகிறோம். உவமைக்கு அடியில் கட்டப்பட்டிருக்கும் அந்த அச்சினை நாம் சற்றே நின்று நோக்கியிருக்க வேண்டும். உப்புக்கே அத்துணை முன்னெச்சரிக்கை.

ஏற்றிச் செல்வதென்றால் எவ்வாறு என்பதையும் கூறிவிடுதல் நம் கடன். அந்த விபத்திற்குப் பிறகு மாணவர் சிலருடன் சேர்ந்து நாமே கற்றுக்கொண்டது இது. முதல் முறை நாம் தேங்காய்க் கயிற்றால் கட்டினோம். காவேரிப்பாக்கம் வருவதற்குள் கயிறு தளர்ந்து வண்டி சாய்ந்து பெட்ரோல் தொட்டி நசுங்கிவிட்டது. அதன் விலையை நாம்தான் கொடுத்தோம். அதன்பின் லாரிக்காரரிடம் பாடம் கேட்டோம்.

மக்கள் ‘குட்டி யானை’ என்று வழங்கும் சிறு சரக்கு வண்டியே போதுமானது. அதன் தளம் ஏறத்தாழ ஏழடி நீளமும் ஐந்தடி அகலமும் உடையது. ஒன்றன் தலையும் மற்றொன்றன் வாலும் ஒருபுறம் இருக்குமாறு மாற்றி நிறுத்தினால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் அடங்கும். ஏற்றுவதற்கு உறுதியான, சறுக்காத நீண்ட பலகை வேண்டும். சரக்கு வண்டியின் பின்புறத்தை ஒரு மேட்டை ஒட்டி நிறுத்தினால் ஏற்றத்தின் சரிவு குறையும்; பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பலகையின்மேல் வண்டியில் அமர்ந்து ஓட்டி ஏற்றுதல் வேண்டவே வேண்டா. கால் ஊன்ற இடமிராது. சாய்ந்தால் வண்டியோடு கீழே விழ நேரும். ஒருவர் கைப்பிடியைப் பற்றிப் பக்கத்தில் நடக்க, இருவர் பின்னிருந்து தள்ள ஏற்றுவதே முறை.

உள்ளே நிறுத்தியதும் முன்சக்கரம் தளத்தின் முன்தடுப்பில் முட்டி நிற்க வேண்டும். கட்டுவதற்குக் கயிறு ஆகாது. நாம் பட்டறிந்து சொல்கிறோம். இறுக்கும் பிடியுடன் கூடிய நாடாப்பட்டை வேண்டும். கடையில் பெல்ட் என்று கேட்டாலே தருவர். வண்டி ஒன்றுக்கு நான்கு. முன்புறம் இரண்டு பட்டைகளை இடமும் வலமுமாகக் கைப்பிடிக்குக் கீழே, போர்க்கின் மேற்பகுதியை ஒட்டிய உறுதியான இடத்தில் மாட்டி, முன்னோக்கிக் கீழே இழுத்து இறுக்க வேண்டும். போர்க் ஓரளவு அமுங்கும் வரை இறுக்கினால் போதும். முழுவதும் அமுக்கிவிட்டால் அதன் எண்ணெய்க் காப்பு கெட்டுவிடக் கூடும். இரு புறமும் ஒரே அளவாக இறுக்கினால் வண்டி தானே நேராக நிற்கும். பக்கத்துத் தாங்குகாலின்மேல் நிறுத்திக் கட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. பள்ளத்தில் சரக்கு வண்டி இறங்கும்போதெல்லாம் சுமை அத்தாங்குகால்மேலேயே விழுந்து அது வளையும். ஆதலால் அதை மடக்கிவிட்டே கட்டுக. பின்புறத்து இரண்டு பட்டைகள் பின்சக்கரம் இடம் பெயராதிருக்கவே. அவற்றை அளவோடு இறுக்கினால் போதும். கியரை முதல் நிலையில் போட்டுவிடலாம். பட்டை உரசும் இடத்தில் பழந்துணி வைத்தால் வண்ணம் கெடாது. புறப்பட்டுச் சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, பட்டைகளை மீண்டும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் குலுக்கலில் தளர்வது இயல்பு. நாம் இதனை மறந்ததில்லை. தேங்காய்க் கயிறு கற்பித்தது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனை நம்பச் சொன்ன நெறியில் வந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வருவோர் வண்டியை இரயிலில் அனுப்பலாம். தாமும் அதே இரயிலில் பயணம் செய்தால் உடைமையாகவும், இல்லையேல் பார்சலாகவும் பதிவு செய்யலாம். பதிவுச் சான்றின் படியும் அடையாளச் சான்றும் வேண்டும். பெட்ரோல் தொட்டியை முற்றிலும் வடித்துவிட வேண்டும். வைக்கோலும் சாக்கும் சுற்றிக் கட்டித் தருவோர் பெரிய நிலையங்களின் பார்சல் அலுவலகத்தருகே இருப்பர். இறங்கிய இடத்தில் வண்டியில் ஒரு துளி பெட்ரோலும் இராது என்பதை மறந்து நள்ளிரவில் தள்ளிக்கொண்டு நடந்தோர் உண்டு.

செலவு மிகும் என்பது மாணவர் கூறும் தடை. மிகும்தான். ஆனால் தட நாளின் கட்டணம், தோலுடை, டயர் ஆகியவற்றுக்குச் செலவிட்டவர் சரக்கு வண்டி வாடகைக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது பொருந்தாது. இருவர் சேர்ந்தால் வாடகை பாதியாகும். காப்பீடு இருக்கிறதே என்று எண்ணுவோர், தம் காப்பீட்டு ஆவணத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்க்க. பந்தயமும் வேகச் சோதனையும் வழக்கமான காப்பீட்டுக்குள் அடங்கா என்று அதிலேயே எழுதியிருக்கும். திரும்பும் வழியில் தோழரோடு பொதுச்சாலையில் வேகம் பார்த்தலோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 189 ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். 2019 இன் திருத்தத்திற்குப் பின் முதல் முறைக்கே மூன்று மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை தண்டமோ இரண்டுமோ உண்டு.

இனிப் பெரியவர்களிடம் ஒரு சொல். அம்மாணவர் திருமணம் என்று பொய் சொல்லிவிட்டுப் போனதை மேலே குறித்தோம். பொய் சொன்னது அவர் குற்றம்; அதில் ஐயமில்லை. ஆனால் உண்மை சொல்லியிருந்தால் போக விட்டிருப்போமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். சரக்கு வண்டி வீட்டு வாயிலில் வந்து நின்றால் தெருவே அறியும். வீட்டாருக்கு மறைத்துச் செல்பவன் ஏற்றிச் செல்ல இயலாது. ஓட்டித்தான் செல்ல வேண்டும். தனியேதான் செல்ல வேண்டும். இருட்டில்தான் புறப்பட வேண்டும். இரவுக்குள் திரும்பித்தான் ஆக வேண்டும். நம் தடை அவனைத் தடத்திலிருந்து தடுக்கவில்லை. பாதுகாப்பான வழியிலிருந்துதான் தடுத்தது. இதைச் சொல்வதால் சில பெற்றோர் நம்மீது சினங்கொள்ளக் கூடும். அம்மருத்துவமனைக் கட்டிலருகே நின்ற நாளுக்குப் பின் அச்சினத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று துணிந்தோம்.

போக வேண்டா என்று சொல்லும் உரிமை பெற்றவர்க்கு உண்டு. சொல்லியும் போவான் என்று தோன்றினால், வாடகைப் பணத்தைக் கொடுத்துத் தாமும் உடன் செல்லலாம். பகலெல்லாம் மர நிழலில் அமர்ந்து பார்த்துவிட்டு, மாலையில் மகன் ஓட்டுநர் பக்கத்தில் தலை சாய்ந்து உறங்க, அவன் வண்டி பின்னால் கட்டுண்டு வர, உடன் வரலாம். சோழவரத்தில் பந்தயம் பார்த்த பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு தம் பேரனோடு அவ்வாறே சென்று வந்தார். பேரனைவிட அவரே மிகுதியாகப் பேசினார் என்று ஓட்டுநர் சொன்னார்.

அடுத்து இருங்காட்டுக்கோட்டைக்குப் புறப்படும் மாணவர் எவராயினும் முதல் நாள் மாலையே துறைக்கு வந்து சொல்லட்டும். பன்னிரண்டு அடிப் பலகை ஒன்றும், நல்ல பட்டைகள் எட்டும், ஒரு கட்டுப் பழந்துணியும் நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கின்றன. பின்விளக்கு நாடாவை உரிக்க ஒரு சிறு கத்தியும் அவற்றோடு வைத்திருக்கிறோம்.